சமையலறைச் சுவரில் ஆமை

என் சமையலறைச் சுவரில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, பத்து வருஷமாக ஒரு ஆமை தொங்குகிறது. உயிருள்ள ஆமை இல்லை. ஏதோ பழைய காரின் வீல் கப்புக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, நாலு காலும் ஒரு தலையும் வெல்டிங் பண்ணி ஒட்டியது. அந்தத் தலை வேறு சிரிக்கிறது. தினமும் காபி போட வரும்போது அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

எங்கள் ஹாவ்லிக் ஊர்க் கார் கிளப்பின் வழக்கம் இது. ஆரம்பித்த வண்டியை முடிக்காமல் யார் அதிக காலமாக இழுத்தடிக்கிறாரோ, அவர் கையில் ஆகஸ்ட் கூட்டத்தில் ஆமையைக் கொடுத்துக் கைதட்டுவார்கள். வாங்கியவர் அதை கராஜில் ஒளித்து வைக்கக் கூடாது. வீட்டில் சாப்பிடுகிற இடத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். கிளப் தலைவர் ஆர்லோ ஸ்டெயின்கே வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, ஆமை அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பான். பார்த்துவிட்டு நான் சுடுகிற ஆப்பிள் பை பலகாரத்தில் இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போவான். நானும் அவனும் என் கணவன் மெர்லும் ஒரே பள்ளிக்கூடம். அதனால் எங்களுக்குள் மரியாதை எல்லாம் கிடையாது.

தொடர்ந்து பத்து வருஷம் ஆமை வாங்கிய ஒரே ஆள் என்ற பெருமை மெர்ல் குபிசெக்கைச் சேரும். பெருமை அவனுக்கு. அதன் முதுகில் படிகிற பொரியல் பிசுக்கைத் துடைப்பது நான். அந்த இடத்தில் மாட்டுவதற்காக ஒரு கடிகாரம் வாங்கி, மூன்று வருஷமாகப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கார் ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. கூரையை வெட்டிக் குள்ளமாக்க வேண்டும், பானெட்டுக்குள் பூதம் மாதிரி ஒரு எஞ்சினைத் திணிக்க வேண்டும். அதைச் செய்து முடித்து, ஆகஸ்ட் கூட்டம் நடக்கிற சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஊர்ச் சங்கு ஊதுவதற்குள் சந்தைத் திடலின் வாசலைத் தாண்டிவிட்டால், வண்டி முடிந்தது என்று அர்த்தம். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினால் செல்லாது. சொந்த எஞ்சினில் ஓடி வர வேண்டும், அதுவும் கட்டியவரே ஓட்டி வர வேண்டும்.

கட்டியவர் யார் என்பதில் ஒரு தடவை பெரிய ரகளை ஆனது. ஒரு பல் டாக்டர் வெளியூர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் கட்டச் சொல்லி வாங்கி வந்து, நகத்தில் ஒரு கறைகூட இல்லாமல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். இறங்கும்போது அவருடைய தொப்பி கூரையில் இடித்துக் கீழே விழுந்ததை ஆர்லோ பார்த்துவிட்டான். அந்தக் கடுப்பில் அன்றைக்கே விதி எழுதினான். வண்டியைத் தானே கட்டுகிறவன் தன் தலைக்குத் தக்கபடிதான் கூரையை வெட்டுவான். ஆகவே கூரை யாருடைய தலைக்கு வெட்டப்பட்டிருக்கிறதோ, அவரே கட்டியவர். வாசலில் ஆர்லோ ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஓட்டுகிறவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவே தன் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பான். உள்ளங்கை இறுக்கமாக நுழைந்தால் உள்ளே போகலாம். கை தாராளமாக ஆடினால் இன்னும் வெட்டிவிட்டு வா என்பான். நுழையவே இல்லை என்றால் இது யார் வண்டி என்று கேட்பான்.

மற்றவர்கள் எல்லாம் காரை வெட்டினார்கள். மெர்ல் பதினோரு வருஷம் முன்னால், நோவாக் பண்ணை ஏலத்தில், கோழிகள் குடியிருந்த ஒரு பழைய பால் வண்டியை வாங்கி வந்தான். வீடு வீடாகப் பால் பாட்டில் போட்ட வண்டி. ஏறி இறங்க வசதியாக டிரைவர் நின்றுகொண்டே ஓட்டுவார், அதனால் அலமாரி மாதிரி உயரம். இரண்டு பக்கமும் கதவு திறந்தே கிடக்கும்.

"இதையா வெட்டப் போற? நின்னு ஓட்டுற வண்டி இது" என்றேன்.

"அதான் வேணும். நின்ன வண்டியை உட்கார வைக்கப் போறேன். இந்த நெப்ராஸ்கா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒண்ணு கிடைக்காது பாரு."

கிடைக்காதுதான். யாருக்கும் அப்படி ஒரு புத்தி வராது.

வெட்டினான். இரண்டடிக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் கீழே இறக்கி வெல்டிங் பண்ணினான். அப்புறம் டிங்கரிங். அப்புறம் பட்டி பார்த்துத் தேய்த்து, மறுபடி பட்டி பார்த்துத் தேய்த்து மூன்று குளிர்காலம் போனது. எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று வந்தது, திருப்தி இல்லை என்று போனது, வேறொன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்குள் வெறும் தரையில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே எஞ்சின் சத்தம் போடுவான். அறுபத்திரண்டு வயது ஆள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வரும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்ல மனசு வராது.

இந்த வருஷம் எல்லாம் முடிந்தது. பாலாடை நிறத்தில் பெயிண்ட், இரண்டு பக்கமும் நீலக் கோடு. பாக்கி இருந்தது சீட் ஒன்றுதான். அதை நான்தான் தைத்தேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மதியம் மெர்ல் அதை உள்ளே வைத்து நாலு போல்ட்டையும் முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தான்.

டங் என்று ஒரு சத்தம்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல." தலை ஒரு பக்கமாகத் தோளில் சாய்ந்திருந்தது. கன்னம் கூரையில் ஒட்டியிருந்தது. "லவோன், சீட்டுல பஞ்சை ரொம்ப வச்சுட்டியோ?"

பஞ்சைப் பிடுங்கினோம். ஒரு அங்குலம்கூடத் தேறவில்லை. சீட்டை இறக்கவும் வழி இல்லை, தரைக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க். சீட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் மூக்குக்கு நேரே வந்தது, கண்ணாடி வழியாக வானம் மட்டும் தெரிந்தது.

மெர்ல் தன் பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுத்தான். சமையலறை மேஜையில், ஆமைக்கு எதிரே உட்கார்ந்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய அளவுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றான். பிறகு எழுந்து கதவு நிலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். "லவோன், கொஞ்சம் அளந்து பாரு. நான் வளர்ந்துட்டேனோ?"

"அறுபத்திரண்டு வயசுல எவன் வளருவான்? உனக்கு அகலமாத்தான் வளர்ச்சி."

"இல்ல, நீ அளந்து பாரு."

அளந்தேன். ஆறடி மூன்று அங்குலம், பழைய அளவேதான். டேப்பைச் சுருட்டும்போதுதான் சமையலறையின் பின்கதவு என் கண்ணில் பட்டது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தோம். கிரீஸ் காய்ந்து கறுத்த, ஆறு அங்குல கனமுள்ள கட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

கூரைக்கு அளவெடுத்த நாள். அன்றைக்கு என் அக்கா மகளுக்குப் பதினோரு மணிக்குக் கல்யாணம். நான் நீல கவுன் போட்டு, கையில் பையோடு கிளம்பி நிற்கிறேன். மெர்ல் கராஜிலிருந்து கூப்பிட்டான், ஒரே நிமிஷம் என்றான். கண் மட்டம் எங்கே வருகிறது என்று வெளியே ஏணியில் நின்று பார்த்தால்தான் கோடு போட முடியும். அதற்கு உள்ளே ஒரு ஆள் உட்கார வேண்டும். நான் ஐந்தடி ஒரு அங்குலம். அதற்கும் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். சீட்டுக்குப் பதிலாக, பால் பாட்டில் அடுக்கும் கிரேட் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் இந்தக் கட்டையை வைத்திருந்தான்.

"உட்கார்ந்தா உனக்கும் எனக்கும் ஆறு அங்குலம் வித்தியாசம். கட்டை மேல உட்கார்ந்தா நீதான் நான்" என்று சொல்லிவிட்டு சாக்பீஸ் தேடப் போனான்.

கட்டையில் ஒரு விரல் கனத்துக்கு கிரீஸ். என் கவுனோ துணிக்கடையிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாதது. கட்டையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் கிரேட்டின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தேன். திரும்பி வந்தவன் நேராக ஏணியில் ஏறினான். தலையை நிமிர்த்து என்றான், நிமிர்த்தினேன். கோடு போட்டான். கல்யாணத்துக்குப் போய், கேக் தின்று, நடனம் ஆடி, திரும்பி வருவதற்குள் கட்டை என் மனசை விட்டே போய்விட்டது. பின்னொரு நாள் கராஜில் கிடந்ததை நானேதான் எடுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

நினைவு வந்த வியாழக்கிழமை சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். அவன் நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கு மூளை மழுங்கிப் போச்சு லவோன். கூட்டல் கழித்தல்கூட வரல" என்றான். அதைக் கேட்டும் நான் கட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. ஆனால் பதினோரு வருஷ வேலை ஒரு கவுனுக்காகப் பாழாய்ப் போனது என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்து மெர்ல் ஒரு வழி கண்டுபிடித்தான். கதவுதான் திறந்தே இருக்கிறதே. உடம்பு உள்ளே, தலை வெளியே.

சனிக்கிழமை காலை அப்படியே கிளம்பினோம். ஏழு மைல். நான் பின்னால் கிரேட்டில் உட்கார்ந்து ஆமையை மடியில் வைத்திருந்தேன். கூட்டத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. மெர்ல் மாடு வேலிக்கு வெளியே தலையை நீட்டுவது போல நீட்டிக்கொண்டு ஓட்டினான். இரண்டு பக்கமும் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. மூன்றாவது மைலில் ஒரு பூச்சி அவன் வாய்க்குள் போனது. அதற்கு அவன் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். ஆனால் எஞ்சின் சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு சுகம். வாயால் அவன் போட்ட சத்தம் அதேதான், பதினோரு வருஷமும் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

திடல் வாசலில் பெரிய வரிசை நின்றது. எங்களுக்கு முன்னால் டெசார் இரட்டையர்கள், வெர்னும் வானும். அவர்கள் கட்டியது இரண்டு பக்கமும் முன்பக்கமாக இருக்கிற கார். இரண்டு பானெட், இரண்டு ஸ்டீயரிங், பின்பக்கம் என்பதே கிடையாது. எந்தப் பக்கம் முன்னால் போவது என்று இன்னும் தீர்மானம் ஆகவில்லை, வரும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு ரோஸ் நிற சவ வண்டி, சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அடுப்பு வைத்து சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சர்ச் பாடகர் குழுவின் ஹில்டா, சைலன்சருக்குப் பதிலாகப் பழைய சர்ச் ஆர்கனின் இசைக்குழாய்களை மாட்டியிருந்தாள். அவள் ஆக்சிலேட்டரை மிதித்தபோதெல்லாம் தேவாலயமே நகர்ந்து வருவது போல இருந்தது, சாசேஜுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவன் படகுக்குச் சக்கரம் வைத்து, அதன் கூரையையும் வெட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று மிதவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் பால் வண்டியைப் பார்த்ததும் அவ்வளவு பேரும் திரும்பினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கர்வமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆர்லோ அட்டையும் பேனாவுமாக வந்தான். மணி பதினொன்று நாற்பது.

"டேய் மெர்ல்! வந்துட்டியா! என் காலத்துல இதைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லடா" என்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். கண் கலங்கியிருந்தது. நட்பு அப்படி. பிறகு கையை நீட்டினான். "சரி, தலையை உள்ள வை."

"தலைக்குக் காத்து வேணும்டா."

"காத்து அப்புறம் வாங்கலாம். உள்ள வை."

மெர்ல் தலையை உள்ளே இழுத்தான். டங். ஆர்லோ உள்ளங்கையை நீட்டி ஒரு பக்கம் முயன்றான், மறு பக்கம் முயன்றான். ஒரு விரலின் நுனிகூட நுழையவில்லை. மெர்லின் காது தோளில் மடிந்திருந்தது.

"மெர்ல்..." ஆர்லோவின் குரல் இறங்கிப் போனது. "இது யார் வண்டிடா?"

"என் வண்டிடா! உனக்குத் தெரியாதா? மூணு குளிர்காலம் நீயும்தானே வந்து பட்டி தேய்ச்ச!"

"தெரியும். ஊருக்கே தெரியும். ஆனா விதி விதிதான். விதி எழுதின மறு வருஷம் அந்தப் பல் டாக்டரை இதே வாசல்ல அவமானப்படுத்தி அனுப்பினேன். உனக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டா அந்த ஆள் கேட்க மாட்டாரா?"

வெர்னும் வானும் இறங்கி வந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் யோசனை சொல்லவென்றே பிறந்தவர்கள்.

"ஓட்டை போட்டுடு" என்றான் வெர்ன்.

"கூரையில வட்டமா ஒரு ஓட்டை" என்றான் வான். "தலை மேல வந்துடும். தலைக்கு மேல கூரையே இல்லைன்னா இடிக்குதுன்னு யார் சொல்ல முடியும்? எங்க வண்டியில ரம்பம் இருக்கு."

ஆர்லோ தாடையைச் சொறிந்தான். "விதியில அதுக்குத் தடை இல்லைதான்."

மெர்ல் வண்டியை விட்டு இறங்கினான். கூரையை ஒரு தடவை கையால் தடவினான். மூன்று குளிர்காலம் தேய்த்த கூரை, ஒரு நெளிவு இருக்காது, வானம் அப்படியே அதில் தெரியும். பிறகு என் மடியில் இருந்த ஆமையைப் பார்த்தான்.

"லவோனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். இந்த வருஷம் அது அடுக்களையை விட்டுப் போயாகணும்னு" என்று சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தான்.

எனக்காகவா? அடுக்களைச் சுவருக்காகவா? அவன் குனிந்து வட்டம் போட ஆரம்பித்தான். வாழ்நாளெல்லாம் நேர்க்கோடு போட்டவனுக்கு அன்றைக்கு வட்டம் கோணியது. வான் ரம்பத்தைக் கொண்டுவந்துவிட்டான்.

"மெர்ல், சாக்பீஸைக் கீழ போடு!" என்று கத்தினேன். ஆமை மடியிலிருந்து உருண்டு விழுந்து கணகணவென்று சத்தம் போட்டது. "உன் கணக்குல தப்பு இல்ல. நான் கட்டை மேல உட்காரல."

"எந்தக் கட்டை?"

"நம்ம பின்கதவுக்கு முட்டுக் கொடுக்கற கட்டை. நீ அளவெடுத்த அன்னைக்கு கிரேட் மேல வச்சிட்டு சாக்பீஸ் தேடப் போனியே, அது. அதுல கிரீஸ் இருந்துச்சு. நான் நீல கவுன் போட்டிருந்தேன். எடுத்துக் கீழ வச்சிட்டேன்."

ஹில்டாகூட எஞ்சினை அணைத்துவிட்டாள். மெர்ல் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"ஆறு அங்குலம்" என்றான்.

"ஆமா."

"பதினோரு வருஷம்."

"எனக்கே முந்தாநாள்தான் ஞாபகம் வந்துச்சு. முந்தாநாளே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

என்னவெல்லாம் சொல்வானோ என்று நின்றேன். சொன்னால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவன் முகம் மெல்ல மெல்லப் பிரகாசமானது. மூன்று நாளாகக் கூனிக் கிடந்த ஆள் நிமிர்ந்தான்.

"ஆர்லோ!" என்று ஆர்லோவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "கேட்டியா? என் கணக்கு சரிடா! ஒரு நூலிழை தப்பு இல்ல! எனக்கு மூளை மழுங்கலடா!"

பிறகு தன் சட்டைக் கையாலேயே கூரையில் இருந்த சாக்பீஸ் வட்டத்தை அழித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தை வியாழக்கிழமையே கொடுத்திருக்கலாம், என் வாயில்தான் இருந்தது.

"எல்லாம் சரி" என்றான் வெர்ன். "மணி பதினொண்ணு ஐம்பத்தி நாலு. ரம்பம் வேணுமா வேண்டாமா?"

ஆர்லோ அட்டையில் இருந்த விதியை உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து என் பக்கம் திரும்பினான்.

"லவோன், ஏறி உட்காரு."

"நானா?"

"ஏறு, நேரம் இல்ல."

ஏறினேன். நான் தைத்த சீட்தான், ஆனால் அதுவரை நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. முன் கண்ணாடியின் நட்ட நடுவில் என் கண் நின்றது. ஆர்லோ கையை உள்ளே விட்டு என் தலைக்கும் கூரைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்தான். தபால் பெட்டியில் கடிதம் போவது மாதிரி இறுக்கமாக, அழகாக உள்ளே போனது.

"யார் தலைக்கு வெட்டியிருக்கோ அவங்கதான் கட்டினவங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "இது லவோன் குபிசெக் வண்டி. மெர்ல், நீ ஒர்க்‌ஷாப் ஆளு. நல்ல வேலைக்காரன், குறை சொல்ல மாட்டேன்."

சிரிப்புச் சத்தத்தில் திடலே அதிர்ந்தது. அதிகமாகச் சிரித்தது மெர்ல்தான். பின்பக்கம் ஏறி, பால் கிரேட் வைக்கிற இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டான், அவன் உயரத்துக்கு வேறு வழி இல்லை. ஆமையையும் எடுத்து வைத்துக்கொண்டான்.

"கிளட்ச் எட்டுதா?" என்றான் கீழே இருந்து.

"விரல் நுனிக்கு எட்டுது. முதுகுக்கு எதையாவது கொடு."

தன் கோட்டைச் சுருட்டிக் கொடுத்தான். மிதித்தேன், கியர் போட்டேன். வண்டி ஒரு குதி குதித்து அப்படியே நின்றுவிட்டது. முன்னால் இருந்த டெசார் கார் வழிவிட நினைத்தது, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டப் பார்த்ததில் அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"மெதுவா, மெதுவா. வெண்ணெய்ல கால் வைக்கற மாதிரி விடு" என்றான் மெர்ல்.

"நாற்பது வருஷமா டிராக்டர் ஓட்டறேன், எனக்கு நீ சொல்லாதே!"

இரண்டாவது தடவை பிடித்தது. டெசார் காரைச் சுற்றி, புல்லில் இறங்கி ஏறி, சாசேஜ் வாசனைக்கு நடுவில் புகுந்து போனேன். முன் சக்கரம் வாசல் கோட்டில் இருக்கும்போது ஊர்ச் சங்கு ஊத ஆரம்பித்தது. அது ஊதி முடிப்பதற்குள் பின் சக்கரமும் தாண்டிவிட்டது. என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியது இல்லை. பின்னால் மெர்ல் ஆமையின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேடை. வண்டி முடித்தவர்களுக்குத் தரும் பித்தளைத் தகட்டில் ஆர்லோ என் பெயரை ஆணியால் கீறிக் கொடுத்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் ஆமையை அவன் கையில் கொடுத்து, "எடுத்துட்டுப் போ, பத்து வருஷம் சோறு போட்டாச்சு" என்றேன்.

ஆர்லோ அதை வாங்கிக்கொண்டு அட்டையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். எனக்கு அந்தச் செருமல் பிடிக்கவில்லை.

"இந்த வருஷ ஆமை. வண்டியை முடிக்காம அதிக காலம் இழுத்தடிக்கிற உறுப்பினருக்கு." நிமிர்ந்து பார்த்தான். "பதினோரு வருஷமா சொந்தமா ஒரு வண்டிகூட முடிக்காத மெர்ல் குபிசெக்."

"அடப் பாவி!" என்றேன். "அந்த வண்டி முடிஞ்சதை உன் கண்ணாலதானே பார்த்த!"

"பார்த்தேன். அது உன் வண்டி."

மெர்ல் மேடைக்குப் போய், பதினோராவது தடவையாக ஆமையை வாங்கி, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். கொஞ்சமாவது வெட்கம் வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் ஆர்லோவுக்கு இனி ஆப்பிள் பை கிடையாது என்று அங்கேயே அறிவித்தேன். அது மட்டும்தான் அவனுக்கு உறைத்தது.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். மெர்ல் பின்னால் படுத்துக்கொண்டு, மார்பில் ஆமையை வைத்தபடி வந்தான். சோளக்காட்டுத் திருப்பம் தாண்டியதும் ஆரம்பித்தான்.

"நோவாக் கொட்டகையில இன்னொண்ணு கிடக்குதுன்னு சொன்னாங்க. தீயணைப்பு வண்டி. ஏணியோட."

நான் கியரை மாற்றினேன். வண்டி எனக்கென்றே செய்தது போல ஓடியது, எனக்கென்று செய்ததுதானே.

வீட்டுக்கு வந்ததும் ஆமையை அதே ஆணியில் மாட்டினேன். கடிகாரப் பெட்டியைப் பிரித்து, கடிகாரத்தை அதற்குப் பக்கத்திலேயே மாட்டினேன். பிறகு பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்து, வெந்நீரும் சோப்பும் போட்டு, பதினோரு வருஷக் கிரீஸும் போகும்வரை தேய்த்துக் கழுவினேன். துடைத்துக் கொண்டுபோய் மேஜையில் மெர்லின் முன்னால் வைத்தேன்.

"இந்தத் தடவை நீ உள்ள உட்காரு" என்றேன். "கோடு நான் போடறேன்."